ஏழு மணிப் பெரட்டைப் பார்க்கக் கோலசிலாங்கூர் போனோம்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை செரண்டாவில் ரயில் ஏறினேன். கிள்ளானில் என் மகளோடு சேர்ந்துகொண்டு கோலசிலாங்கூர் போய், மறுநாள் மாலை வீடு திரும்பினேன். அங்கே பேர் போன மின்மினிகளைப் பார்க்கப் போகவில்லை. மீன் சாப்பிடவும் போகவில்லை. (மீன் சாப்பிட்டேன். அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.) ஒரு தோட்டத்தில் வயதானவர்கள் தங்களுக்குள்ளேயே காலையில் பெரட்டு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்கப் போனேன். தனியாக வாழும் பெரியவர்களும் அவர்களை நினைத்துத் தூக்கம் கெடும் பிள்ளைகளும் இதே வழியில் போய் வரலாம் என்பதற்காக எழுதுகிறேன்.

தோட்டத்து வேலை தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். பெரட்டு என்பது விடிவதற்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நிற்பது. கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பெயர் படிப்பார். நம் பெயர் வந்ததும் குரல் கொடுக்க வேண்டும். குரல் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, சம்பளமும் இல்லை. நான் எண்ணெய் எடுக்கும் செம்பனையில் குலை வெட்டியவன். நாற்பது வருடத்துக்கு மேல் அப்படிக் குரல் கொடுத்தேன். வேலையை விட்ட அன்று எனக்கு வந்த முதல் சந்தோஷமே இனிமேல் பெரட்டு இல்லை என்பதுதான். அப்படிப்பட்டவன் ஒரு பெரட்டைப் பார்க்க ரயில் ஏறினேன் என்றால் காரணம் இருக்கும் அல்லவா?

என் பெயர் மாரிமுத்து. எல்லாரும் முத்து என்று கூப்பிடுவார்கள். முழுப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. வயது எழுபத்து மூன்று. புக்கிட் பெருந்துங்கில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறேன். மனைவி தவறி ஆறு வருடம் ஆகிறது. எங்கள் குடியிருப்பான தாமானுக்குப் பக்கத்தில் உள்ள முதியோர் நடவடிக்கை மையத்தில் இரண்டு வருடமாக எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறேன். இந்த வலைப்பூ எங்கள் வகுப்பின் வலைப்பூ. நான் எழுதித் தருவதை டீச்சர் ஏற்றிவிடுகிறார். ஒரு பத்தி எழுத எனக்கு ஒரு காலை முழுவதும் ஆகிறது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இந்த வயதில் ஒரு காலை முழுக்கச் செய்ய வேலை இருப்பது எவ்வளவு நல்ல விஷயம்!

இனி காரணம். என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி ஒரு சீன அம்மாள் தனியாக இருந்தார். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். அன்றைய பகலும் இரவும் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் ரொட்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். நல்லவேளை, அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். ஆனால் இந்தச் செய்தி என் மகள் பரமேஸ்வரி காதுக்குப் போய்விட்டது. அன்று மாலையே ஃபோன் வந்தது.

“அப்பா, நீங்க விழுந்தா யாருக்குத் தெரியும்?”

அடுத்த வீட்டு ஹாஷிமுக்குத் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். “அந்த ஆன்ட்டிக்கும் அடுத்த வீடு இருந்துச்சுலா” என்றாள். தீபாவளிக்குள் நான் கிள்ளானுக்கு, அவளுடைய அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றாள். பதினான்காவது மாடி. எனக்காக ஓர் அறையைக் காலி செய்து கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பாசத்தில்தான் சொல்கிறாள். ஆனால் இங்கே என் வகுப்பு இருக்கிறது, என் முருங்கை மரம் இருக்கிறது, சாயங்காலம் ஹாஷிமோடு உட்கார்ந்து யார் வீட்டு நாய் யாரைத் துரத்தியது என்று பேச ஒரு பெஞ்சு இருக்கிறது. அங்கே போனால் லிஃப்டோடுதான் பேச வேண்டும்.

இந்த நேரத்தில்தான் ரவாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ராத்திரிச் சாப்பாடு. என் பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள், பெயர் லெட்சுமி, கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புல்வெட்டு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டார்.

“என்னம்மா அவசரம்?” என்றேன்.

“காலையில பெரட்டு இருக்குண்ணே. நான்தான் பேரு படிக்கணும்.”

“இந்த வயசுலயா? இன்னுமா வேலைக்கு எடுக்கிறாங்க?”

“வேலைக்கு ஏதுண்ணே பெரட்டு? எங்க தோட்டத்துல கெழடு கட்டைங்களுக்கு மட்டும்தான் பெரட்டு. ஏழு மணிக்கு. பேரு கூப்புட்டு சத்தம் வரலன்னா வீட்டுக்கே போயிடுவோம், என்னா ஏதுன்னு பாக்க.”

நான் பாயசத்தை மறந்துவிட்டு அவருடைய ஃபோன் எண்ணை வாங்கிக்கொண்டேன். என் மகளின் கேள்விக்குப் பதில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

பரமேஸ்வரியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. “சரி, போய்ப் பாப்போம். ஆனா ஒண்ணுப்பா, பாத்துட்டு எனக்கு திருப்தி இல்லன்னா நீங்க கிள்ளானுக்கு வந்துடணும். பேச்சு மாறக்கூடாது” என்றாள். ஒப்புக்கொண்டேன். இவ்வளவையும் மனசில் சுமந்துகொண்டுதான் ரயில் ஏறினேன்.

ஹாஷிம் பழைய லோரி ஓட்டுநர். எழுபது வயது. காலை எட்டு மணிக்குத் தன் காரில் என்னைச் செரண்டா ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். “ஹாத்தி ஹாத்தி, முத்து” என்றார். பத்திரமாகப் போ என்று அர்த்தம். எதற்கு இந்தப் பயணம் என்று அவருக்குத் தெரியும். அதனால் அதை இரண்டு முறை சொன்னார்.

செரண்டாவிலிருந்து கிள்ளானுக்கு ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. மூத்த குடிமக்களுக்குப் பாதிக் கட்டணம். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாகிறது. குளிர் அதிகம், மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் படித்துக்கொண்டு போனேன். முன்பெல்லாம் இந்த ரயிலில் போகும்போது எண்ணிக்கொண்டே போவேன். எண்ணிக்கை தவறினால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன். இந்த முறை யாரையும் கேட்கவில்லை. எதிரில் இருந்த பெண்ணுக்கு அடுத்தது என்ன நிலையம் என்று நானே சொன்னேன். அவர் கேட்கவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

கிள்ளானில் பரமேஸ்வரி காரோடு நின்றாள். அங்கிருந்து காப்பார், ஜெராம் வழியாக வடக்கே போகும் சாலை. கோலசிலாங்கூர் வரை ஏறக்குறைய நாற்பத்தைந்து கிலோமீட்டர். லோரிகள் நிறைய, அவசரப்படாமல் ஓட்ட வேண்டும். ஜெராம் தாண்டுவதற்கு முன்னால் கடல் பக்கம் திரும்பிச் சுங்கை செம்பிலாங் என்ற மீனவர் கிராமத்துக்குப் போனோம். படகுத்துறைக்குப் பக்கத்துக் கடையில் சோறு, அசாம் புளிக்குழம்பில் போட்ட செம்பிலாங் மீன், கங்கோங் கீரை. இரண்டு பேருக்கு முப்பத்தெட்டு வெள்ளி (ரிங்கிட்). மீனில் முள் குறைவு, பல் குறைந்தவர்களும் நம்பிச் சாப்பிடலாம். மகள் எனக்கு மீனைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாள். “நான் என்ன கொழந்தையா?” என்றேன். “கொழந்தைங்க சொன்னா கேக்கும்” என்றாள்.

கோலசிலாங்கூரில் பகல் வெயில் தணிந்த பிறகு புக்கிட் மலாவதி ஏறினோம். சிறிய குன்றுதான். மேலே கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், பெரிய மரங்கள், எங்கு பார்த்தாலும் குரங்குகள். சாம்பல் நிறக் குரங்குகள் சாது. மடியில்கூட வந்து உட்காரும். இன்னொரு வகை உண்டு, அது பையைப் பறிக்கும். மூக்குக் கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு வார இறுதியில் டிராம் வண்டி ஓடுகிறது என்றார்கள். நான் நடந்தே ஏறினேன். வழியில் நான்கு இடத்தில் நின்றேன். பரமேஸ்வரி என் முழங்கையைப் பிடித்தபடியே வந்தாள். ஒரு திருப்பத்தில் விடுவித்துக்கொண்டேன். அடுத்த திருப்பத்தில் மறுபடி பிடித்துக்கொண்டாள். மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது எனக்கில்லை, அவளுக்கு. நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை செய்கிறாள், பாவம். நான் சிரித்தேன். “சிரிக்காதீங்கப்பா, நாளைக்கு இருக்கு உங்களுக்கு” என்றாள்.

மேலேயிருந்து பார்த்தால் ஆறு கடலில் போய்ச் சேருவது தெரியும். அங்கே ஒரு பலகையில் எழுதியிருந்ததை நின்று முழுக்கப் படித்தேன். நான் முடிக்கும் வரை மகள் பக்கத்தில் காத்திருந்தாள். அதற்காக அவளுக்கு நன்றி.

இரவு பட்டணத்தில் ஒரு சின்ன ஹோட்டல், இரண்டு கட்டில் அறை தொண்ணூற்றைந்து வெள்ளி. பதிவு செய்யும்போதே கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்கள் அறையில் கம்பி இல்லை. பரமேஸ்வரி ஒரு துண்டை நனைத்துத் தரையில் விரித்துப் போட்டாள், வழுக்காமல் இருக்க. மின்மினி காட்டும் படகுக்குப் போகவில்லை. காலையில் சீக்கிரம் எழ வேண்டும் என்பதால் ஒன்பது மணிக்கே படுத்துவிட்டோம்.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. லெட்சுமி எழுத வேண்டாம் என்றார். “பேரப் போட்டா கூட்டம் வந்துரும்ணே. அம்புட்டு பேருக்கும் டீ யாரு போடுறது?” பட்டணத்திலிருந்து இருபது நிமிடம் செம்பனைக்கு நடுவில் போக வேண்டும், அவ்வளவு சொல்கிறேன். கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் சாலை. ஆறே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். இன்னும் சரியாக வெளுக்கவில்லை, பனி மூட்டம். பழைய லயத்து வரிசை வீடுகளில் பாதி காலி. மீதியில் பெரும்பாலும் வயதானவர்கள். பிள்ளைகள் பட்டணத்தில் வேலைக்குப் போய்விட்டார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பூப்பந்து மைதானம், ஒரு விளக்குக் கம்பம். அதுதான் பெரட்டுக் களம்.

லெட்சுமி ஓர் இரும்புத் துண்டைத் தட்டினார். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கம்பு ஊன்றி வந்தவர்கள், சக்கர நாற்காலியில் ஒருவர், தலையில் துண்டு கட்டியவர்கள், பவுடர் பூசிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த அம்மாமார்கள். இருபத்து மூன்று பெயர் என்றார். எல்லாரும் வரிசையில் நின்றார்கள். யாரும் கோணலாக நிற்கவில்லை. எத்தனை வருடப் பழக்கம்!

“அந்தக் காலத்துல அஞ்சரைக்கு நிக்க வச்சாங்க” என்று லெட்சுமி என் மகளுக்குச் சொன்னார். “இப்ப நாங்கதானே தொரை. ஏழு மணிக்குத்தான்.”

நான் வரிசையின் பின்னால் போய் நின்றேன். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். ஆனால் வரிசையைக் கண்டதும் கால் தானாகப் போய் நின்றுவிட்டது. பரமேஸ்வரி பக்கத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு இருந்தாள்.

லெட்சுமி விளக்கடியில் அட்டையைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். “அஞ்சலை!” “இருக்கேன்!” “காத்தமுத்து!” “இருக்கேன், இருக்கேன்!” “ஒரு தடவ சொன்னா போதும்ணே, ரெண்டு சம்பளமா தரப் போறோம்?” எல்லாரும் சிரித்தார்கள். “மாரிமுத்து!”

“இருக்கேன்!”

சொன்னது நான். நினைத்துச் சொல்லவில்லை. நாற்பது வருடம் இருட்டில் நின்று அந்தப் பெயருக்குக் குரல் கொடுத்த வாய் அது. லெட்சுமிக்கு நான் முத்து அண்ணன்தான். முழுப் பெயர் தெரியாது. அவர் அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பரமேஸ்வரி மட்டும் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

பெயர் முடிந்ததும் கை, கால் நீட்டி மடக்கும் பயிற்சி. கிளினிக்கிலிருந்து மாதம் ஒரு முறை வரும் தாதி சொல்லிக் கொடுத்ததாம். ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியைப் பிடிக்காமல் உட்கார்ந்து எழுவது. விழாமல் இருக்க இதுதான் மருந்து என்றார்கள். நானும் செய்தேன். பிறகு டீ. கோயில் சுவரோரம் பெஞ்சு போட்டு, ஒருவர் வீட்டிலிருந்து டீ, இன்னொருவர் வீட்டிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கு. இந்த முறை யார் வீடு என்று சண்டைகூட நடக்கிறது. சீனி போடாத டீ ஒரு பக்கம், போட்டது ஒரு பக்கம்.

அப்போதுதான் பரமேஸ்வரி என்னைக் கிண்டல் செய்யப் பார்த்தாள். “ஆன்ட்டி, தெரியுமா? எங்கப்பாவும் பெரட்டுல பேரு குடுத்துட்டாரு.”

லெட்சுமியும் சிரித்தார். “அப்படியா? எந்த பேருக்குண்ணே?”

“மாரிமுத்து. அதானே அவரு பேரு” என்றாள் என் மகள்.

லெட்சுமியின் கை டீக் கிளாசோடு அப்படியே நின்றது. சுற்றிலும் பார்த்தார். “மாரிமுத்து அண்ணன் எங்க? இன்னைக்கு யாராச்சும் அவரு மூஞ்சியப் பாத்தீங்களா?”

ஒருவர்கூடப் பார்த்தேன் என்று சொல்லவில்லை.

லெட்சுமி கிளாசைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். அறுபத்தெட்டு வயதில் அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை. நானும் பரமேஸ்வரியும் பின்னால் ஓடினோம். மூன்றாவது லயம், கடைசி வீடு. கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. போடக் கூடாது என்பது அவர்கள் பெரட்டின் கட்டளை. உள்ளே அடுப்படியில், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார் அந்த இன்னொரு மாரிமுத்து. என்னைவிடப் பெரியவர், பெரிய உடம்பு. சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. லெட்சுமி கூப்பிட்டதற்கு “ம்” என்றார்.

“இவருக்கு இனிப்பு நீர் வியாதி” என்றார் லெட்சுமி. “ஊசி போட்டுட்டு சாப்புடாம இருந்திருப்பாரு. சீனி டப்பா எங்க?” டப்பாவை எடுத்து, தண்ணீரில் நிறைய சீனி கரைத்து, தலையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். என் மகள் அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். நான் கதவருகில் நின்றேன். என் வாழ்நாளில் அந்தக் கொஞ்ச நேரத்தைப் போல நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. அவர் பெயரை அழைத்தபோது அங்கே பதில் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தை என் குரல் நிரப்பிவிட்டது. பயிற்சியும் டீயுமாக அவர் தனியாகக் கிடந்த நேரம் என்னால் கூடியது.

சீனித் தண்ணீர் வேலை செய்தது. கண் தெளிந்தது. முதலில் லெட்சுமியைப் பார்த்தார், பிறகு என்னை.

“யாரு இது?”

“உங்க பேருக்கு பதில் சொன்ன ஆளு” என்றார் லெட்சுமி. நடந்ததைச் சொன்னார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பேரு மாரிமுத்தா?”

“ஆமாண்ணே.”

“எத்தன வருஷம் தோட்டத்துல?”

“நாப்பதுக்கு மேல.”

“அப்ப உன் மேல தப்பு இல்ல. என் பேரக் கேட்டா நானும் தூக்கத்துல கூட சொல்லுவேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “ஆனா ஒண்ணு. நான் செத்தா அன்னைக்கும் நீயே வந்து பதில் சொல்லிடு. பென்ஷன் நிக்காம வரும்.”

லெட்சுமி முதலில் அவரை அடிக்கக் கை ஓங்கினார், பிறகு சிரித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

பரமேஸ்வரியின் காரில் அவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் பார்த்துவிட்டு, நேரத்துக்கு இனிப்புக் கொடுத்தது நல்லது, இனி ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்றார். பத்து மணிக்கெல்லாம் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டோம். பெரட்டு ஆட்கள் இன்னும் பெஞ்சிலேயே இருந்தார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பெரியவரைப் பார்த்ததும் கை தட்டினார்கள். அவர் உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒரு கட்டளை போட்டார்.

“லெட்சுமி, நாளையிலேந்து அவனவன் பேருக்கு அவனவன் சத்தம் குடுக்கக் கூடாது. பக்கத்துல நிக்கிற ஆளு மூஞ்சியப் பாத்துட்டு சொல்லட்டும், இருக்கான்னு.”

“அப்ப பக்கத்து ஆளு மேல கோவமா இருந்தா?” என்று ஒரு குரல்.

“கோவமா இருந்தாலும் மூஞ்சியப் பாக்கணும்லா” என்றார் பெரியவர்.

அவ்வளவுதான். அட்டையில் ஒன்றும் மாற்றத் தேவையில்லை. அங்கேயே ஒரு முறை நடத்திப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் திரும்பி முகத்தைப் பார்த்து “இருக்கா!” “இருக்காரு!” என்று சொல்லும்போது, வாழ்நாள் முழுக்க நான் பார்த்த பெரட்டு வேறு, இது வேறு என்று தெரிந்தது.

தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது பரமேஸ்வரி சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள். செம்மண் சாலை முடிந்து தார்ச்சாலை வந்தது. நான் மனசுக்குள் என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். பெரட்டு எப்படித் தவறும் என்பதை நானே அவளுக்குக் காட்டிவிட்டேனே. முருங்கை மரத்தை ஹாஷிமிடம் ஒப்படைக்கலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

கோலசிலாங்கூரிலிருந்து செகிஞ்சானுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் வடக்கே. மனம் இருந்த நிலையில் எனக்குப் போக விருப்பமில்லை. அவள்தான் காரை அந்தப் பக்கம் திருப்பினாள். போனது நல்லதாயிற்று. சாலைக்கு அந்தப் பக்கம் முழுக்க வயல். கண் முடியும் இடம் வரை ஒரே பச்சை, நடுவில் ஒரு மேடுகூட இல்லை. வயலோரக் கடையில் நூடல்ஸ் இரண்டு தட்டு, பால் இல்லாத கோப்பி ஓ இரண்டு, இருபத்திரண்டு வெள்ளி. சனிக்கிழமை மதியம் என்றால் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், பதினொன்றரைக்குள் போய்விடுங்கள்.

கோப்பி வந்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

“அப்பா, எங்க மாடியில எதிர் வீட்டுக்காரங்க பேரு எனக்குத் தெரியாது.”

நான் கோப்பியைக் கீழே வைத்தேன்.

“நாலு வருஷமா இருக்கேன். லிஃப்டுல பாத்தா சிரிப்பாங்க. அவ்ளோதான். நான் காலையில ஏழு மணிக்குப் போனா ராத்திரி ஏழு மணிக்குத்தான் வரேன். அந்த பெரியவரு மாதிரி நீங்க எங்க வீட்டு கிச்சன்ல ஒக்காந்திருந்தா, பன்னண்டு மணி நேரம் அப்படியே ஒக்காந்திருப்பீங்க. அங்க தப்பா நடந்தும் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள அவரக் கண்டுபிடிச்சுட்டாங்க.”

“அப்ப?”

“அப்ப என்ன? உங்க தாமான்லயும் பெரட்டு வைங்க. நான் வந்து பாப்பேன். ஒழுங்கா நடக்கலன்னா கிள்ளான்தான்.” பிறகு சொன்னாள், “கட்டில விக்கல. ஞாயித்துக்கெழம வந்து படுங்க, அது போதும்.”

நான் நூடல்ஸைச் சாப்பிட்டு முடித்தேன். அவள் தட்டில் மிச்சம் இருந்ததையும் சாப்பிட்டேன். அன்று மாலையே அவள் என்னை வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டாள்.

இந்தப் பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். வெள்ளிக்கிழமை கிளம்பினால் சாலையும் குன்றும் கூட்டமில்லாமல் இருக்கும். மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது எனக்காக இல்லாவிட்டாலும் பக்கத்தில் இருப்பவருக்காக வைத்துக்கொள்கிறேன். குன்றில் ஏறும்போது பேசாமல் ஏறுங்கள், நின்று பேசுங்கள். மகன் அல்லது மகளோடு போவதாக இருந்தால் அவர்களே கார் ஓட்டட்டும். ஓட்டும்போதுதான் பிள்ளைகள் யோசிப்பார்கள். என் பங்குக்கு எல்லாச் செலவும் இருநூறு வெள்ளிக்குள் முடிந்தது. பெட்ரோலை மகள் பார்த்துக்கொண்டாள், என்னிடம் வாங்க மறுத்துவிட்டாள். லெட்சுமியின் தோட்டத்தைத் தேடிப் போக வேண்டாம். அவர்கள் செய்வதை உங்கள் தெருவிலேயே செய்யலாம். ஓர் அட்டை, ஓர் ஆள், ஏழு மணி, தாழ்ப்பாள் போடாத கதவு. திருட்டுப் பயம் இருந்தால் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஆமாம், எங்கள் தாமானில் பெரட்டு ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் ஊஞ்சல் ஆடும் இடத்துக்குப் பக்கத்தில். பதினொரு பேர். தமிழர்கள், மலாய்க்காரர்கள், இரண்டு சீனர்கள். மகன் வீட்டுக்குப் போன அந்தச் சீன அம்மாளும் இதைக் கேள்விப்பட்டுத் தன் வீட்டுக்கே திரும்பி வரலாமா என்று யோசிக்கிறாராம். தமிழர்கள் “இருக்காரு” என்கிறார்கள், மலாய்க்காரர்கள் அதையே “அடா” என்கிறார்கள். எந்த மொழியில் சொன்னாலும் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும், அது மட்டும்தான் கட்டளை.

முதல் நாள் பரமேஸ்வரி வந்திருந்தாள். கை கட்டிக்கொண்டு, பரீட்சை மேற்பார்வையாளரைப் போல ஊஞ்சல் கம்பத்தில் சாய்ந்து நின்றாள். பெயர் படிப்பது யார் என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் என்னைக் காட்டினார்கள். வகுப்புக்குப் போகிறவன் நான்தானே என்றார்கள். எத்தனையோ வருடம் அடுத்தவர் படிக்க நான் குரல் கொடுத்த பெரட்டில், அட்டை இப்போது என் கையில். எழுதியதும் நான், படித்ததும் நான். மெதுவாகத்தான் படித்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தலை திரும்பியது, ஒரு முகம் பார்த்தது, ஒரு குரல் வந்தது.

கடைசிப் பெயர் மிச்சம் இருந்தது. படித்தேன்.

“மாரிமுத்து.”

பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஹாஷிம் திரும்பினார். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, என் முகத்தை நிதானமாக ஒரு முறை பார்த்தார்.

“அடா” என்றார்.